கலைவாணி அழிக்காமல் விட்ட பக்கம்

கலைவாணி ஆயிரம் நாவல் படித்தவள் என்று சொன்னால் அது பொய். ஒரு நாவலும் படிக்காதவள் என்று சொன்னால் அதுவும் பொய். சாரம் என்ற பேட்டையில் இருக்கும் ஒரு கிளை நூலகத்தில் அவள் இருபத்திரண்டு வருஷமாக அட்டெண்டர். காலையில் திறப்பது, பெருக்குவது, திரும்பி வந்த புத்தகங்களை அடுக்குவது, மத்தியானம் பூட்டிவிட்டுச் சாயந்திரம் நாலு மணிக்கு மறுபடி திறப்பது எல்லாம் அவள்தான். சாவி அவள் இடுப்பில்தான் இருக்கும். இது போதாதென்று இன்னொரு வேலையும் அவள் தலையில் விழுந்திருந்தது. வாசகர்கள் புத்தகத்தின் ஓரத்தில் கிறுக்கி வைப்பதையெல்லாம் அவள் ரப்பர் போட்டு அழிக்க வேண்டும்.

சாரத்து வாசகர்களுக்குக் கை சும்மா இருக்காது. பிடித்த இடத்தில் மிஞ்சிப் போனால் ‘அருமை’ என்று ஒரு வார்த்தை எழுதுவார்கள். கோபம் வந்த இடத்தில்தான் பென்சில் முனை உடையும். ஒரு விதவை தன் மகனிடம் ‘எனக்கும் ஆசை இருக்கிறது’ என்று சொல்லுகிற இடம், ஒரு தாய் தன் மூத்த பிள்ளையைத் தனக்குப் பிடிக்கவே இல்லை என்று ஒப்புக்கொள்கிற இடம், ஒரு மகன் அப்பாவின் சாதிப் பெருமையைச் சாப்பாட்டுத் தட்டோடு தூக்கி எறிகிற இடம், இந்த மாதிரிப் பக்கங்களில் ஓரமெல்லாம் கறுத்துக் கிடக்கும். ‘சீ’ என்று இருக்கும். ‘இதெல்லாம் நாட்டுக்குத் தேவையா?’ என்று இருக்கும். கீழே வேறு ஒருவர் ‘உனக்கு ஏன் எரிகிறது?’ என்று கேட்டிருப்பார். கலைவாணி ரப்பரைக் கையில் வைத்துக்கொண்டு, அப்படி என்னதான் எழுதியிருக்கிறான் என்று அந்த ஒரு பக்கத்தை மட்டும் படிப்பாள். படித்துவிட்டு அழிப்பாள். முன் பக்கமும் தெரியாது, பின் பக்கமும் தெரியாது. பக்கத்து வீட்டுச் சண்டை ஜன்னல் வழியாகக் காதில் விழுவதுபோல, நூற்றுக்கணக்கான நாவல்களில் ஜனங்கள் கோபப்பட்ட இடம் மட்டும் அவளுக்குத் தெரியும். யாருடைய கிறுக்கல் எது என்பதும் கையெழுத்தை வைத்தே தெரியும். வெளியே சொல்ல மாட்டாள். சொன்னால் யாருக்கு என்ன லாபம்?

அவள் அலுத்துப் போனவள். அதை மறைக்கத் தெரிந்தவள் என்பதால் ஊரில் அவளுக்கு நல்ல பேர்.

அவள் புருஷன் கோவிந்தராசு தேங்காய்த்திட்டுத் துறைமுகத்தில் மீன் ஏலம் கூறியவர். விசைப்படகு வந்து நின்றால் அவர் குரல் வெளி ரோட்டு வரைக்கும் கேட்கும் என்பார்கள். வஞ்சிரம் ஒரு குவியல், சங்கரா ஒரு குவியல் என்று பிரித்துப் போட்டு, ‘ஒரு தரம், ரெண்டு தரம்’ என்று இழுத்து, மூணாவது தரத்தைச் சொல்லும்போது காதில் சொருகியிருக்கும் நீலப் பென்சிலை எடுத்து, ஒரு சீட்டில் குறி போட்டு அந்தக் கூடையில் செருகுவார். ஒரு நேர்க்கோடு, அதன் தலையைச் சுற்றி ஒரு சுழி. அந்தக் குறி விழுந்துவிட்டால் பேச்சு முடிந்தது. அதற்கப்புறம் எவன் வந்து எவ்வளவு கேட்டாலும் கூடை கைமாறாது.

சுனாமி வந்த மறு வருஷம் ஒரு நாள் ஏலத்துக்கு நடுவிலேயே அவருக்கு வலது கையும் காலும் விழுந்துவிட்டன. ஆஸ்பத்திரியில் ஒரு மாதம் கிடந்து வீட்டுக்கு வந்தபோது பேச்சும் இல்லை. இல்லை என்றால் ஒன்றுமே இல்லை என்று அர்த்தமில்லை. ஒரு நாள் வாய் திறந்தது. வெளியே வந்தது, ‘ஒரு தரம்’. டாக்டர் அதிசயப்படவில்லை. பல வருஷம் பழகிய வார்த்தை எங்கேயோ தனியாக ஒட்டிக்கொண்டிருக்கும், மற்றதெல்லாம் போய்விடும், சிலருக்கு இப்படி ஆவதுண்டு என்றார். அன்றிலிருந்து தண்ணீர் வேண்டுமென்றாலும் ‘ஒரு தரம்’, புரட்டிப் படுக்க வைக்க வேண்டுமென்றாலும் ‘ஒரு தரம்’, மின்விசிறியைப் போடு என்றாலும் ‘ஒரு தரம்’. கோபம் வந்தால் ‘ரெண்டு தரம்’. நாலு வருஷமாக மூணாவது தரம் மட்டும் வரவில்லை.

மனுஷருக்கு இடது கை நன்றாக வேலை செய்தது. ஆனால் அந்தக் கையால் சாப்பிட மாட்டார். அலம்பிக்கொள்ளும் கையால் சோறு தின்பதா என்று ஒரு வீம்பு. முதல் நாளே தட்டைத் தள்ளிவிட்டார். ஸ்பூனையும் தள்ளிவிட்டார். அதனால் மூன்று வேளையும் கலைவாணி ஊட்டினாள். காலையில் ஊட்டிவிட்டு நூலகத்துக்கு ஓடுவாள். மத்தியானம் வந்து உடம்பு துடைத்து, விரிப்பு மாற்றி, ஊட்டி முடிக்கும்போது மூன்றரை ஆகியிருக்கும். மறுபடி ஓடுவாள். ராத்திரி நாலு தடவை எழுந்திருக்க வேண்டும். ஒரே மகள் சுமலதா கடலூரில் கைக்குழந்தையோடு இருக்கிறாள், அவளைக் குற்றம் சொல்ல முடியாது. போன மகளிர் தினத்துக்கு நகர் நலச்சங்கத்துக்காரர்கள் கலைவாணிக்குப் பொன்னாடை போர்த்தி, ‘சிறந்த இல்லத்தரசி’ என்று ஒரு பிளாஸ்டிக் ஷீல்டு கொடுத்தார்கள். அதை எங்கே வைப்பது என்று தெரியாமல் பீரோ மேல் வைத்தாள். ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் அதையும் துடைக்க வேண்டியிருந்தது, அவ்வளவுதான் மிச்சம்.

இரண்டாயிரத்து ஒன்பதாம் வருஷம் ஆனி மாதத்தில் அந்தப் பச்சை அட்டை நாவல் நூலகத்துக்கு வந்தது. வரவழைத்தது ஏமா மதாம். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்த சொல்தா குடும்பத்துப் பெண், தனியாள், பிரெஞ்சு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர். சனிக்கிழமை சாயந்திரங்களில் நூலகத்தின் பின்னறையில் நாலைந்து பேரை உட்கார வைத்து ஒரு நாவலைப் பற்றிப் பேசுவார். சாதாரண நாவல் அவருக்கு ஆகாது. “படிச்சிட்டு நல்லா தூக்கம் வந்துச்சுன்னா அது எதுக்குப் புத்தகம்? தலகாணி போதுமே” என்பார். தண்ணீர் கொண்டுபோய் வைக்கும் கலைவாணி இதைக் கேட்டு மனசுக்குள் சிரித்துக்கொள்வாள். தூக்கம் தாராளமாகக் கிடைக்கிறவர்கள்தான் அதை இப்படி வீசி எறிய முடியும்.

பச்சை நாவல் வந்த இரண்டே மாதத்தில் ஏழு பேர் கை மாறி, ஓரமெல்லாம் கறுத்துத் திரும்பியது. கூடவே கலியமூர்த்தியும் வந்தார். பொதுப்பணித் துறையில் இருந்து ஓய்வு பெற்றவர், தினமும் காலையில் நூலகம் திறக்கும் முன்பே வந்து பேப்பருக்கு நிற்பவர், புகார்ப் புத்தகத்தை நிரப்பியதில் பாதிப் புண்ணியம் அவருக்குத்தான். நூலகர் ஜானகிராமனின் மேசையில் நாவலைத் தொப்பென்று போட்டார்.

“இது பொஸ்தகமா சார்? படுக்கையில கெடக்குற புருஷன் செத்துப்போவணும்னு ஒருத்தி நெனக்கிறாளாம். அத ஒருத்தி எழுதுறாளாம். நம்ம பொண்டு புள்ளைங்க இத படிக்கணுமா? இத மொதல்ல எடுத்து உள்ள வைங்க.”

அன்று சனிக்கிழமையாகப் போனது ஜானகிராமனின் கெட்ட நேரம். பின்னறையிலிருந்து ஏமா மதாம் வந்துவிட்டார்.

“நோன், நோன். முழுசாப் படிச்சீங்களா மிஸ்யே?”

“முழுசா வேற படிக்கணுமா? அந்த ஒரு பக்கம் பத்தாதா?” என்றார் கலியமூர்த்தி. பிறகு சட்டென்று திரும்பி, மூலையில் புத்தகம் அடுக்கிக்கொண்டிருந்த கலைவாணியைக் கை காட்டினார். “இதோ நிக்கிதே இந்தப் பொண்ணு, நாலு வருஷமா புருஷன கொழந்த கணக்கா பாத்துக்குது. ஒரு நாளு மொகஞ்சுளிச்சிருக்குமா? இதுகிட்ட கேளுங்க, ஒரு பொம்பளைக்கு அப்புடி நெனப்பு வருமான்னு.”

எல்லோரும் அவளைப் பார்த்தார்கள். ஏமா மதாமும் பார்த்தார். அவர் பார்வையில் கேள்வி இருந்ததே தவிர, கலியமூர்த்தி முகத்தில் இருந்த நிச்சயம் இல்லை.

“நான் படிக்கல சார்” என்றாள்.

ஜானகிராமன் நல்ல மனுஷர். நல்ல மனுஷர் என்றால் எந்த வம்பையும் மாதக் கடைசிக்குத் தள்ளி வைப்பவர். கூட்டம் கலைந்ததும் அவளைக் கூப்பிட்டார். “இங்க இருந்தா தெனம் ஒரு ரகளையா இருக்கும்மா. வீட்டுக்கு எடுத்துட்டுப் போயி, அந்தக் கிறுக்கலையெல்லாம் அழிச்சி எடுத்துட்டு வா. மாசக் கடைசியில ராக்குல வைக்கிறதா, பீரோவுல வைக்கிறதான்னு பாத்துக்கலாம்.” பீரோவுக்குள் போன புத்தகம் அப்புறம் கரப்பான்பூச்சிக்குத்தான் சொந்தம் என்பது இரண்டு பேருக்கும் தெரியும்.

மறுநாள் மத்தியானம் கோவிந்தராசுக்கு ஊட்டி முடித்துவிட்டு, அவர் கட்டில் பக்கத்திலேயே ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து அழிக்க ஆரம்பித்தாள். ‘இவளெல்லாம் ஒரு பொம்பளையா?’ என்று இருந்தது. அழித்தாள். ‘எழுதினவளைச் செருப்பால் அடிக்கணும்’ என்று இருந்தது. கலியமூர்த்தியின் கையெழுத்து, ‘ணு’வுக்குச் சுழி பெரிதாகப் போடுவார். அழித்தாள். அதற்குக் கீழே, யார் என்று அவளுக்கே தெரியாத ஒரு புதுக் கையெழுத்தில், சின்ன எழுத்தில், ‘உன் வீட்டில் பீ மூத்திரம் அள்ளுவது யார்?’ என்று இருந்தது. ரப்பர் அப்படியே நின்றது.

அப்புறம் அவள் வழக்கமில்லாத ஒரு காரியம் செய்தாள். முதல் பக்கத்துக்குப் போய் அங்கிருந்து படித்தாள்.

மூன்று மத்தியானம் படித்தாள். ஊட்டியதும் படிப்பாள், மணி பார்ப்பாள், சாவியை எடுத்துக்கொண்டு ஓடுவாள். பதினோரு வருஷமாகப் படுத்துக் கிடக்கும் ஒருவரின் மனைவி, தானே சொல்வதுபோல எழுதிய கதை அது. அழுகை கிழுகை எதுவும் இல்லை. விரிப்பு மாற்றும்போது மூச்சைப் பிடித்துக்கொள்வது எப்படி என்று எழுதியிருந்தாள். பார்க்க வருகிறவர்கள் ‘நீ தெய்வம்மா’ என்று சொல்லிவிட்டுப் போவது எப்படிக் கதவை வெளியே தாழ்ப்பாள் போடுவதுபோல இருக்கிறது என்று எழுதியிருந்தாள். கலைவாணி பீரோ மேலிருந்த ஷீல்டைப் பார்த்தாள். யார் இவள், எந்த ஊர்க்காரி, என் வீட்டுக்குள் எப்போது வந்தாள் என்று அவளுக்குப் பயமாக இருந்தது. பயத்தோடு ஒரு ஆறுதலும் இருந்தது. நாம் ஒருத்திதான் இப்படிக் கெட்டவள் என்று நினைத்துக்கொண்டிருந்தோம், இரண்டு பேர் இருக்கிறோம்.

மூன்றாம் நாள் நூற்றுப் பத்தொன்பதாம் பக்கம் வந்தது. கலியமூர்த்தி சொன்ன பக்கம் இதுதான். பக்கத்தின் கடைசி வரிகள் இப்படி இருந்தன: ‘இவர் போய்விட்டால் நான் தூங்குவேன். நகை வேண்டாம், புடவை வேண்டாம், இன்னொருவர் வேண்டாம். விடிந்தும் எழுப்ப ஆளில்லாத ஒரு தூக்கம் வேண்டும். அதற்காக இவர் சாக வேண்டும் என்று நான் ஆசைப்பட்டேன்.’

படித்துவிட்டுப் பக்கத்தைப் புரட்டி அடுத்ததையும் படித்தாள். பிறகு திரும்பவும் இந்தப் பக்கத்துக்கே வந்தாள். அங்கேதான் கீழே கொஞ்சம் இடம் காலியாக இருந்தது. இருபத்திரண்டு வருஷம் பிறத்தியார் கிறுக்கலை அழித்தவள், பென்சிலை எடுத்து அந்த இடத்தில் ‘உண்மை’ என்று எழுதினாள்.

எழுதி முடித்த பிறகுதான் செய்தது உறைத்தது. அழித்துவிடலாம் என்று ரப்பரைத் தேடினாள். மணி மூன்றே முக்கால். பென்சிலை உள்ளேயே வைத்துப் புத்தகத்தை மூடி, கட்டில் தலைமாட்டில் மடித்து வைத்திருந்த ரப்பர் ஷீட்டுகளுக்கு நடுவே செருகிவிட்டுக் கிளம்பினாள். அந்த ஷீட்டுகளை அவளைத் தவிர யாரும் தொட மாட்டார்கள். நாற்றத்துக்குப் பயந்து தொட மாட்டார்கள். அவள் மறந்தது ஒன்றுதான். ஷீட்டுக்கு இந்தப் பக்கம் இரண்டு கண்கள் அவளையே பார்த்துக்கொண்டு படுத்திருந்தன.

மறுநாள் காலையில் கோவிந்தராசு வாயைத் திறக்கவில்லை.

அவள் இட்லியைப் பாலில் குழைத்துக்கொண்டு வந்தாள். உதட்டை இறுக்கிக்கொண்டார். வயிறு சரியில்லை போல என்று நினைத்து, வெந்நீர் கொடுத்தாள். அதுவும் வேண்டாம். மத்தியானம் ரசம் சோறு. முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். ‘ரெண்டு தரம்’ என்று கத்தவில்லை, அதுதான் அவளுக்குப் புதிதாக இருந்தது. கோபம் இல்லாமல் மாட்டேன் என்று சொல்ல அவருக்குத் தெரியாது.

ராத்திரியும் சாப்பிடவில்லை. அடுத்த நாள் காலையில் கதவைச் சாத்திக்கொண்டு கிளம்பும்போது, பக்கத்து வீட்டு அன்னக்கிளி வாசலில் நின்றாள். தினமும் சாயந்திரம் வந்து அவருக்கு டீ கொடுத்துவிட்டுப் போகிறவள்.

“அக்கா, அண்ணன் நேத்து டீ வாணாம்னுட்டாரு. மொகமே சரியில்ல.”

“வயிறு சரியில்ல போல.”

“அப்புடியா? முந்தாநாளு நல்லாத்தான் இருந்தாரு. ‘ஒரு தரம், ஒரு தரம்’ன்னு அந்த ஷீட்டப் பாத்துக் கைய காட்டுனாரு. உள்ள ஒரு பச்சப் பொஸ்தகம் இருந்துச்சி, எடுத்துக் குடுத்தேன். நான் வீட்டுக்குப் போயி வந்தும் அதே பக்கத்த வச்சிப் பாத்துட்டு இருந்தாரு. பரவால்லயே, படிக்கிறாரேன்னு சந்தோசமா இருந்துச்சி. பொறவு அவரே மூடிக் குடுத்துட்டாரு, இருந்த எடத்துலயே வச்சிட்டேன்.”

கலைவாணி சரி சரி என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள். ஷீட்டுகளை விலக்கிப் புத்தகத்தை எடுத்தாள். பென்சில் இருந்த இடத்தில் அது தானாகத் திறந்துகொண்டது. ‘உண்மை’ என்ற அவள் கையெழுத்துக்குப் பக்கத்தில் நீல நிறத்தில் ஒரு நேர்க்கோடு, கொஞ்சம் நடுங்கியிருந்தது. அதன் தலையைச் சுற்றி ஒரு சுழி.

தலையணைக்கு அடியில் அவர் அந்தப் பென்சிலை வைத்திருக்கிறார் என்பது அவளுக்குத் தெரியும். பழைய ஞாபகம், இருந்துவிட்டுப் போகட்டும் என்று விட்டிருந்தாள். குறிக்கு அர்த்தமும் தெரியும். துறைமுகத்தில் அந்தக் குறி விழுந்த கூடையை யாரும் திருப்பிக் கேட்டதில்லை. அவள் கேட்டிருக்கிறாள், அவர் கொடுத்துவிட்டார். அதுதான் இரண்டு நாளாக வாயை மூடிக்கொண்டு படுத்திருக்கிறார்.

ரப்பரை எடுத்துத் தேய்த்தாள். அவளுடைய பென்சில் எழுத்தைத் தொடவில்லை, நீலத்தை மட்டும் தேய்த்தாள். நீலப் பென்சில் ரப்பருக்கு அசையாது, ஈரம் பட்டால் இன்னும் ஊறும். காகிதம் மெலிந்து அந்தப் பக்கத்து எழுத்து தெரிய ஆரம்பித்தது. நிறுத்திவிட்டாள். கட்டிலில் அவர் கண்ணை மூடிக்கொண்டிருந்தார். தூங்கவில்லை என்று மூச்சிலேயே தெரிந்தது. ஏதாவது சொல்ல வேண்டும். என்ன சொல்வது? நான் எழுதவில்லை என்று சொல்லலாம். இருபத்தெட்டு வருஷமாக மளிகைச் சீட்டில் பார்த்த கையெழுத்து அவருக்குத் தெரியாதா? வெறும் கதைதானே என்று சொல்லலாம். கதைக்குக் கீழே ‘உண்மை’ என்று எழுதிவிட்டு அதை எப்படிச் சொல்வது? நேரமாகிவிட்டது என்று ஒரு சாக்கு கிடைத்தது. நூலகத்துக்கு ஓடினாள்.

அன்று காலை முழுவதும் அவள் ஒரு புத்தகத்தையும் ஒழுங்காக அடுக்கவில்லை. கலியமூர்த்தி பேப்பரை மடித்து வைத்துவிட்டு, “அந்தக் கண்றாவிய அழிச்சிட்டியாம்மா?” என்று கேட்டார். அவரைப் பார்த்ததும் அவளுக்குத் திடீரென்று ஒன்று பிடிபட்டது. இந்த மனுஷர் அந்த ஒரு பக்கத்தில் கோபப்பட்டுப் புத்தகத்தை மூடினார். அடுத்த பக்கம் அவருக்குத் தெரியாது. இருபத்திரண்டு வருஷமாக நாமும் ஒவ்வொரு நாவலிலும் ஒரு பக்கம்தான் படித்தோம். அங்கே கட்டிலில் கிடப்பவரும், பென்சில் இருந்த பக்கத்தை மட்டும் ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டிப் படித்துவிட்டு மூடிவிட்டார். படுத்ததிலிருந்து அவருக்கு ஒரு பக்கம் படிக்க அரை மணி ஆகும். புரட்டிப் பார்க்கத் தெம்பு இருந்திருக்காது.

மத்தியானம் பன்னிரண்டரைக்கு நூலகத்தைப் பூட்டிக்கொண்டு வந்தாள். சோறு பிசைந்தாள். தட்டை ஸ்டூலில் வைத்துவிட்டு, அவரைத் தூக்கிச் சுவரோடு சாய்த்து உட்கார வைத்தாள். இரண்டு நாளில் உடம்பு இளைத்து, தூக்குவதற்குக் கொஞ்சம் சுலபமாக இருந்தது. அப்படி நினைத்ததற்காகத் தன்மேலேயே ஆத்திரம் வந்தது. மடியில் புத்தகத்தை வைத்துக்கொண்டாள்.

“அது நாந்தான் எழுதுனேன்” என்றாள். “இல்லன்னு சொல்லி உங்கள ஏமாத்த மாட்டேன். உண்மதான். எத்தினியோ நாளு விடியக்காத்தால உங்க மூச்சு சத்தம் கேட்டு, இன்னும் இருக்காரேன்னு நெனச்சிருக்கேன். அப்புறம் சுவத்துல தலய முட்டிக்கிட்டு அழுதிருக்கேன். ஆனா நெனச்சது நெனச்சதுதான். எனக்கு முடியலங்க. உடம்பெல்லாம் வலிக்கிது. நாலு வருசமா நான் தூங்கவே இல்ல.”

கோவிந்தராசு கண்ணைத் திறந்தார். அவள் அழவில்லை. அழுவதற்கும் ஒரு தெம்பு வேண்டும்.

“அடுத்த பக்கம் படிச்சீங்களா?”

அவர் கண் புத்தகத்துக்குப் போனது.

“படிக்கல. ஒத்தப் பக்கத்த படிச்சிட்டு ஊரே தீர்ப்பு சொல்லுது, நீங்களும் சொல்லிட்டீங்க. கேளுங்க.”

பக்கத்தைப் புரட்டினாள். யாருக்கும் சத்தமாக வாசித்துப் பழக்கமில்லாததால் குரல் பள்ளிக்கூடத்துப் பிள்ளை போல ஒரே மாதிரி ஓடியது. ‘ஆசைப்பட்ட அதே விடியற்காலையில் எழுந்து கஞ்சி வைத்தேன். ஆற்றிக் கொடுத்தேன். சூடு அதிகமோ என்று முதல் வாயை நான் குடித்துப் பார்த்தேன். அவர் சாக வேண்டும் என்று நினைத்தவள் அவர் நாக்கு வெந்துவிடக் கூடாது என்று பார்த்தாள். இதில் எது நான் என்று யாராவது கேட்டால், இரண்டும் என்று சொல்வேன். ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு என்னைத் தெய்வம் என்றோ பேய் என்றோ சொல்லிவிட்டுப் போகிறவர்கள், ஒரு நாள் இங்கே தங்கிவிட்டுப் போகட்டும்.’

புத்தகத்தை மூடினாள்.

“இதுவும் உண்மதான். இதுக்குக் கீழ எழுத எடம் இல்ல, அதான் எழுதல.”

கோவிந்தராசின் முகத்தில் சரியாக இருந்த பாதி மட்டும் கோணிக்கொண்டது. கண்ணில் நீர் வந்து கன்னத்தில் ஓடியது. அவள் முந்தானையால் துடைத்துவிட்டாள். ஒரு கவளம் எடுத்து நீட்டினாள். உதடு இன்னும் இறுகித்தான் இருந்தது. குறி போட்ட கூடையைத் திருப்பி வாங்க அவருக்குத் தெரியாது, அந்த வழக்கமே அவருக்கு இல்லை. அது அவளுக்குப் புரிந்தது. கவளத்தைத் தட்டிலேயே திரும்பப் போட்டாள். நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

“சரி. அந்த ஏலம் செல்லாது. நான் கேக்காத சரக்க நீங்களா தூக்கிக் குடுத்தா நான் வாங்கணுமா? எனக்கு வேண்டியது உங்க உசுரு இல்ல. மத்தியானத் தூக்கம். இந்தத் தட்ட உங்க மடியில வைப்பேன். அந்தக் கையால நீங்களே தின்னணும். கழுவுற கையி, துடைக்கிற கையின்னு கணக்கெல்லாம் பாக்கக் கூடாது. நான் உங்களுக்குச் செய்யிற எல்லாத்தையும் ஒரே கையாலதானே செய்யிறேன், அதே கையாலதானே உங்களுக்கு ஊட்டுறேன். அது மட்டும் தொண்டையில எறங்குதுல்ல? நீங்க தின்னுற நேரம் நான் படுத்துக்குவேன். இப்ப நான் கூறுறேன், கேளுங்க.”

தட்டை அவர் மடியில் வைத்தாள்.

“ஒரு தரம்.”

அவர் தன் இடது கையைப் பார்த்தார். யாரோ கொண்டுவந்து வைத்துவிட்டுப் போன பொருளைப் பார்ப்பது போலப் பார்த்தார். தெருவில் மீன்காரி ஒருத்தி கூவிக்கொண்டு போனாள். அந்தச் சத்தம் தேய்ந்து போகும் வரை அவர் அசையவில்லை. கலைவாணியும் அசையவில்லை.

“ரெண்டு தரம்” என்றார் கோவிந்தராசு. அவர் அதைக் கோபமில்லாமல் சொன்னது நாலு வருஷத்தில் அதுதான் முதல் தடவை. கை மெதுவாக நகர்ந்தது. தட்டின் விளிம்பைத் தொட்டது, தயங்கியது, சோற்றுக்குள் இறங்கியது.

“மூணு தரம்” என்றாள் கலைவாணி.

பாதிச் சோறு வாய்க்குள்ளும் பாதிச் சோறு நெஞ்சிலுமாகப் போனது. விரிப்பை மறுபடி மாற்றத்தான் வேண்டும். அவள் எழுந்து போய் உதவி செய்யவில்லை. கட்டிலுக்குப் பக்கத்தில் பாயை உதறிப் போட்டுப் படுத்தாள். ரசம் சொட்டுகிற சத்தம் கேட்டது, அவர் மெல்லுகிற சத்தம் கேட்டது. கண்ணை மூடி ஐந்து நிமிஷம் என்று நினைத்தாள்.

எழுந்தபோது மணி நாலேகால். அவர் தட்டைத் தன் மடியிலேயே பத்திரமாகப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். அவளை எழுப்பவில்லை. அவள் முகம் கூடக் கழுவாமல், பச்சைப் புத்தகத்தை அக்குளில் இடுக்கிக்கொண்டு, சாவியோடு ஓடினாள்.

நூலக வாசலில் எட்டுப் பேர் நின்றிருந்தார்கள். முன்னால் கலியமூர்த்தி கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். கலைவாணி திறந்தாள். ஜானகிராமன் வருவதற்கு முன், மாதக் கடைசி வரைக்கும் காத்திராமல், நாவலை அது இருந்த தட்டிலேயே கொண்டுபோய் வைத்தாள். ஊராரின் கிறுக்கல் எல்லாம் அழிந்திருந்தது. நூற்றுப் பத்தொன்பதாம் பக்கத்தின் அடியில் ஒரு வார்த்தையும் ஒரு நீலக் குறியும் மட்டும் அப்படியே இருந்தன. கேட்டால், போகவில்லை சார் என்று சொல்லிக்கொள்ளலாம்.

கலியமூர்த்தி புகார்ப் புத்தகத்தை எடுத்து வைத்துக்கொண்டு நிதானமாக எழுதினார். அவர் போன பிறகு அவள் அதைப் பிரித்துப் பார்த்தாள். இன்று நூலகம் அரை மணி நேரம் தாமதமாகத் திறக்கப்பட்டது, ஊழியர் தூங்கி எழுந்த முகத்தோடு வந்தார் என்று பேனாவால் எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தார். கலைவாணி அதை இரண்டு தடவை படித்தாள். அதுவும் உண்மைதான்.